சந்துக்குக் குறுக்கே ஒரு வலை

எனக்குச் சிலந்தி என்றால் பயம் கிடையாது. கரப்பான்பூச்சிதான் ஆகாது; அதைப் பார்த்தால் இந்த வயதிலும் நாற்காலி மேல் ஏறிவிடுவேன். என் தங்கச்சி நேர் எதிர். கரப்பானைச் செருப்பால் ஒரே அடியில் தீர்த்துவிடுவாள்; சிலந்தியைக் கண்டால் கை கால் உதறும். "உங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஆளா பெத்திருந்தா உருப்படியா இருந்திருக்கும்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரிப்புக்குச் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆள்.

நிதானமாகச் சொல்லும்படி சொன்னீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம், அப்படி வையுங்கள்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தெருவைப் பார்த்து வாசல், பின்னால் சமையல்கட்டு. எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு ஆள் நடக்கலாம்; குடையை விரித்துக்கொண்டு நடக்க முடியாது. தெருவிலிருந்து அதன் வழியாக வந்தால் முதலில் தங்கச்சியின் அறை ஜன்னல், அப்புறம் தரையில் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி, அதற்கு அடுத்த எட்டில் சமையல்கட்டுக் கதவு. மூடியை மிதிக்காமல் கதவுக்கு வர முடியாது. மிதித்தால் மணி அடித்த மாதிரி சத்தம் வரும்.

தங்கச்சி திரும்பி வந்தபோது கையில் ஒரு பை, காதோரம் ஒரு தையல். கட்டியவன் போட்ட தையல் என்று வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அந்த ஆளை நான் மாப்பிள்ளை என்று சொல்வதில்லை. "நீ எங்க போனாலும் வருவேன். நீ தூங்கும்போது வருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அதனால் விளக்கு வைத்த நேரத்திலிருந்து அவள் என் பின்னாலேயே சுற்றுவாள்.

"அக்கா, வாசக்கதவு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"பின்கதவு?"

"அதுவும் போட்டாச்சு. உன் வாயை மட்டும்தான் இன்னும் போடலை."

சிரிப்பாள். சிரித்துவிட்டு, தானே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அவள் அப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் பார்சல் கம்பெனிக் கிடங்கில் இருக்கிறேன். விடியும்போது லாரிகள் வந்து வரிசையாக நிற்கும். சரக்கை இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கதவாகப் போய், போட்ட சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பெரிய சங்கதி ஒன்றும் இல்லை; கதவு வளையத்தில் கோத்த ஒரு முறுக்குக் கம்பி, முனையில் ஒரு சின்னப் பூட்டு. ஒரு தடவை இறுக்கினால் இறுக்கினதுதான். வெட்டித்தான் எடுக்க வேண்டும். கம்பி அறுந்திருந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். வேறு பேச்சே கிடையாது.

"காத்துல அறுந்திருக்கும்க்கா" என்பார்கள் டிரைவர்கள்.

"காத்துக்குக் கை இருக்கா தம்பி?" என்பேன்.

எனக்கு அங்கே சீலக்கா என்றுதான் பெயர். இத்தனை வருஷத்தில் என் கண்ணைத் தப்பி ஒரு லாரியும் திறந்ததில்லை.

மழை விட்டபிறகுதான் அந்தச் சிலந்தி வந்தது. தங்கச்சியின் ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச் சுவரில் இறங்கும் குழாய்க்கும் நடுவில், சந்தை அப்படியே மறித்துக்கொண்டு வலை கட்டியது. பழுப்பு நிறம், புளியங்கொட்டை அளவு உடம்பு. சமையல்கட்டு விளக்கைப் போட்டால் ஒவ்வொரு இழையும் தெரியும். நடு வட்டத்தில் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். தங்கச்சி பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். துடைப்பத்தை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். நான் அடிக்கவில்லை. அழகாக இருந்தது. அதோடு, இத்தனை நேர்த்தியாக ஒன்று கட்டி வைத்திருக்கும்போது அதைத் தாண்டி யார் வர முடியும் என்றும் தோன்றியது.

மறுநாள் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். வலை இல்லை. மேலே ஒரே ஒரு தடித்த இழை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? சந்துக்குக் குறுக்கே கட்டியது அறுந்திருக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள். தொட்டி மூடி சத்தம் போடவில்லை. அப்படியென்றால் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றிருக்கிறார்கள். நின்று, உள்ளே தூங்குகிறவளைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஓடி அவளை எழுப்பினேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் மறைக்கக் கூடாது என்பது எங்கள் கிடங்கில் முதல் பாடம்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள், அது கதவு மாதிரி.

சாயங்காலம் வலை மறுபடி முழுதாக இருந்தது. காலையில் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. தங்கச்சியின் கட்டில் என் அறைக்கு வந்தது. அவள் ஜன்னல் கதவுகளுக்கு ஆணி அடித்தேன்; கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், திறக்க முடியாது. அவள் கடைக்குப் போவதை நிறுத்தினாள். மாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்தினாள். தெருவில் வண்டி நின்றால் பேச்சு நிற்கும்; வண்டி கிளம்பினால்தான் மூச்சு வரும். குளிக்கும்போது கதவுக்கு வெளியே நான் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச ஒன்றும் இல்லாவிட்டால் லாரி நம்பர்களைச் சொல்வேன். காலையில் கண் திறந்ததும் முதல் கேள்வி ஒன்றேதான்.

"அக்கா, வலை?"

"அறுந்திருக்கு."

அந்த ஒரு சொல்லில் அன்றைய நாள் முடிந்துவிடும். எங்கும் போகமாட்டாள். நான் வரும்வரை சமையல்கட்டு மூலையில் உட்கார்ந்து பத்திரிகைகளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் குறுக்கெழுத்தால்தான் தலைவலி வந்தது. கையைப் பிடித்துத் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்கு நான்தான் கூட்டிப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

கண்ணாடிக்காரர் நல்ல மனுஷர். முன்பக்கம் வழுக்கை, வாய் நிறையப் பேச்சு. "தூரத்துல எல்லாம் சூப்பரா தெரியுது உங்களுக்கு. பக்கத்துல இருக்கறதுதான் தெரியலை. அதுக்குத்தான் கண்ணாடி" என்றார். தங்கச்சி சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து, அதுவும் வெளியாள் ஒருவர் முன்னால்.

அதற்குப் பிறகு கண்ணாடியின் திருகு அடிக்கடி கழன்றது. அவள் வெளியே வரமாட்டாள் என்பதால் அவரே சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"இந்தத் திருகுக்கு என் மேல என்ன கோவமோ, வாரா வாரம் கழண்டுக்குது."

"நீங்க சரியா முடுக்கலை."

"முடுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு வர்றது?"

ஒரு நாள் மத்தியானம் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஊசி முனையால் அந்தத் திருகை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பித் தெருவுக்குப் போய், சத்தமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு லாரி வழக்கத்தைவிட முன்னதாக வருகிறது என்று தகவல். சீக்கிரம் எழுந்து சமையல்கட்டுக் கதவைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. வலை முழுதாக இருந்தது. எனக்கு மனது நிறைந்துபோனது. இன்றைக்கு யாரும் வரவில்லை. அப்போது அது நடுவிலிருந்து எழுந்தது. விளிம்புக்குப் போனது. ஒவ்வொரு இழையாக அவிழ்த்து, முன்கால்களால் சுருட்டி, வாய்க்குள் போட்டுக்கொண்டது. அவசரமே இல்லை. வீட்டைப் பெருக்கி முடித்த பெண் பாயைச் சுருட்டுவது மாதிரி. கடைசியில் மேலே ஒரே ஒரு தடித்த இழையை மட்டும் விட்டுவிட்டு ஜன்னல் மூலைக்குள் நுழைந்துகொண்டது.

எனக்கு நிஜமான பயம் வந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் வந்ததெல்லாம் பயமே இல்லை. யாரும் வரவில்லை. ஒருநாளும் வந்ததில்லை. அது அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போனேன். அவள் விழித்திருந்தாள்.

"அக்கா, வலை?"

"அறுந்திருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. வலை அங்கே இல்லை அல்லவா?

நீங்கள் புருவத்தைத் தூக்குகிறீர்கள். ஒரு நாள் சிலந்தி பிரித்தது என்றால் எல்லா நாளும் அதுவேதான் பிரித்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு லாரியின் சீல் சரியாக இருந்தால் மற்ற லாரிகளைப் பார்க்காமல் விட்டுவிடுவேனா? அந்த ஆள் எப்போதோ வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டான் என்று இன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. எனக்கு அப்போது தெரியாது. விசாரித்திருக்கலாம் என்கிறீர்கள். விசாரித்திருக்கலாம்தான்.

பிறகு கண்ணாடிக்காரர் என்னிடம் பேசினார். திருப்புளியைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அக்கா, உங்களுக்குச் சம்மதம்னா நான் அவங்களைக் கட்டிக்கிறேன். கடைக்கு மேலயே வீடு இருக்கு. நீங்க எப்ப வேணா வரலாம்."

நீங்க எப்ப வேணா வரலாம். விருந்தாளியைச் சொல்வது மாதிரி.

"எனக்கென்ன தம்பி, சந்தோஷம்தான்" என்றேன். "ஆனா அவளுக்கு இன்னும் பயம் போகலையே. பயத்தோட ஒருத்தியை எப்படி அனுப்புவேன்? அது போகட்டும்."

"போயிட்டா?"

"போயிட்டா நீயே கூட்டிட்டுப் போ."

அவர் போன பிறகு தொட்டியின் இரும்பு மூடியைக் கழற்றினேன். கனம். சமையல்கட்டுக்குள் இழுத்து வந்து கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். மழையில் ஊறி உப்பிப்போன ஒரு பிளைவுட் பலகை மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைத் தொட்டி வாய் அளவுக்கு அறுத்து மேலே போட்டேன். ஜன்னல் கம்பிக்கு அடித்த சாம்பல் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் பூசினேன். ஒரு பூனை நடந்தால் தாங்கும். தொட்டி ஆழம், அந்த வாரம் நிறையத் தண்ணீர்.

அந்த ஆளுக்காகத்தான் போட்டேன். வருகிறவனை நிறுத்த வேண்டாமா? தங்கச்சியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள்தான் சந்துப் பக்கமே போவதில்லையே என்று சொல்வது தள்ளிப்போனது.

அவளோ வலை விஷயத்தைக் கண்ணாடிக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம். "அட, என் கடை போர்டுக்குக் கீழயும் ஒண்ணு குடித்தனம் பண்ணுதுங்க. காலைல தானே சுருட்டி முழுங்கிடும், சாயங்காலம் புதுசா கட்டும். என்னைவிட ஒழுங்கா கடை திறந்து மூடுது." அவள் நம்பவில்லை. அதனால் ஒரு நாள் எனக்கு முன்னால் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பழைய அறை ஜன்னலுக்குப் போய் நின்றிருக்கிறாள். சிலந்தியைக் கண்டால் நடுங்குகிறவள், அதற்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் கடைசி இழை வரைக்கும் பார்த்திருக்கிறாள். நான் கிளம்பும்போது போர்வைக்குள் படுத்திருந்தாள். அன்றைக்கு "வலை?" என்று கேட்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. அவள் படியில் உட்கார்ந்திருந்தாள், தலை வாரி, நல்ல துணி கட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு.

"அக்கா, யாருமே வரலை" என்றாள். "ஒரு நாள்கூட வரலை. அதுவேதான் பிரிச்சுக்குது. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்க்கா நீ. எனக்காக நீயும் உக்காந்து பயந்துட்டு இருந்திருக்க. நாளைக்கு அவர்கிட்ட சரின்னு சொல்லிடப் போறேன். நீ அழக் கூடாது, சொல்லிட்டேன். தெருமுனைதானே?"

நான் அழவில்லை.

"இரு, நீ சமையல்கட்டுக் கதவுல போய் நில்லு. நான் சந்து வழியா வரேன். தைரியமா நடந்து வரதை நீ பாக்கணும்."

நான் வீட்டுக்குள் நடந்து போனேன். சமையல்கட்டுக் கதவைத் திறந்தபோது அதன் பின்னால் இரும்பு மூடி சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். மறந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. கதவில் நின்றேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. சிலந்தி அப்போதுதான் கட்டி முடித்திருந்தது. வலை முழுதாக இருந்தது. சந்தின் அந்த முனையில் அவள் வந்து நின்றாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலைக்கு முன்னால் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே முகத்தைக் கொடுத்து உள்ளே நுழைந்தாள். வலை கிழிந்தது. சிலந்தி குழாய்ப் பக்கம் ஓடியது. அவள் வீல் என்று ஒரு சத்தம் போட்டு, உடனே சிரித்தாள். சின்ன வயதில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. முகத்தை இரண்டு கையாலும் துடைத்தபோது கண்ணாடி கீழே விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. புருவத்தில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வலையை நிஜமாகவே ஒரு ஆள் அறுத்தது அன்றைக்குத்தான், அதுவும் அவள்.

ஜன்னலிலிருந்து தொட்டிக்குக் கொஞ்சம் தூரம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். முதலில், வாய் வரவில்லை என்று சொன்னேன். அது சரியில்லை. டீச்சரம்மா, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் பேச்சு காதில் விழுந்ததாகச் சொன்னது உண்மைதான். தங்கச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்:

"எதுவும் தெரியலைக்கா. நேரா வரலாமா?"

"வா" என்றேன். "நான் இருக்கேன்ல, வா."

பலகை பெரிதாகச் சத்தம் போடவில்லை.

அவள் கொஞ்ச நேரம் கூப்பிட்டாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை, அந்தக் கண்ணாடிக்காரரைக்கூட. அக்கா என்றுதான். தொட்டிக்குள்ளிருந்து வரும் குரல் சுவரைத் தாண்டாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், குளிக்கும்போது சொல்வது மாதிரி. சத்தம் நின்ற பிறகு இரும்பு மூடியை அதன் இடத்தில் வைத்தேன். சந்தில் இப்படி ஒரு பள்ளத்தைத் திறந்து போடுவது ஆபத்து. பையில் கிடங்குச் சீல் ஒன்று இருந்தது. மூடியின் வளையத்தில் கோத்து இறுக்கினேன். அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் கண்ணாடிக்காரர் வந்து கேட்டபோது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவர் நம்பியிருப்பார். என் கண்தான் என்னை மீறிச் சந்துப் பக்கம் போனது. அவர் போய்ப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே அவள் கண்ணாடி கிடந்தது. திருகு கழன்று, ஒரு கால் தனியாக. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தொட்டி மூடியில் இருந்த சீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

நான் செய்தேன். இல்லை என்று எங்கும் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்வதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், இது என் வேலை சம்பந்தப்பட்டது. அந்தச் சீலை வெட்டியது உங்கள் ஆட்கள். வெட்டும்போது அது முழுதாக இருந்தது. நானே கூட நின்று பார்த்தேன். அதுவரைக்கும் என் தங்கச்சியை யாரும் ஒன்றும் செய்யவில்லை.